ஃப்ரெண்ட்ஸ் எட்டாவது சீசன்: அலுத்துப்போக வேண்டிய நேரத்தில் ஏன் அலுக்கவில்லை?

கேள்வி இதுதான்: "ஏழு வருடம் ஓடினால் எந்த சிட்காமும், அதாவது எந்த நகைச்சுவைத் தொடரும், சலித்துவிடும். அப்படியிருக்க ஃப்ரெண்ட்ஸ் தொடரின் எட்டாவது சீசனை மட்டும் சிலர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவது ஏன்? அதில் புதிதாக என்ன இருக்கிறது?"

புதிதாக எதுவுமே இல்லை. மோனிகா, சாண்ட்லர், ரேச்சல், ராஸ், ஃபீபி, ஜோயி என்ற அதே ஆறு நண்பர்கள், அதே காபிக் கடை சோபா, எதிரெதிரே அதே இரண்டு வீடுகள். ஆனால் பார்க்கிறவர்களுக்கு இந்த ஆறு பேரைப் பற்றி ஏழு வருடத்தில் என்னென்ன தெரிந்திருக்கிறதோ, அதை எடுத்துச் செலவழிக்க எழுத்தாளர்களுக்குத் தெரிந்தது இந்த சீசனில்தான். ஒரு சிட்காமின் முதல் இரண்டு சீசன்களில் பாதி நேரம் 'இவன் இப்படிப்பட்டவன்' என்று நமக்குச் சொல்வதிலேயே போய்விடும். எட்டாவதில் அந்த வேலையே இல்லை. கதவைத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளே வந்து நின்றாலே சிரிப்பு வரும்.

இந்த சீசன் தொடங்கிய நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் என்பிசி சேனலில் 1994 செப்டம்பரில் தொடங்கிய தொடர் இது. ஏழாவது சீசன் ஓடிக்கொண்டிருந்த 2001-ன் தொடக்கத்தில், போட்டிச் சேனலான சிபிஎஸ் தன் 'சர்வைவர்' ரியாலிட்டி நிகழ்ச்சியை வியாழக்கிழமை இரவு இதற்கு நேர் எதிரே கொண்டுவந்து வைத்தது. என்பிசி பதறிப்போய் ஃப்ரெண்ட்ஸ் எபிசோடுகளை நாற்பது நிமிடத்துக்கு நீட்டிப் பார்த்தது. ஏழாவது சீசன் முழுக்க மோனிகா, சாண்ட்லர் கல்யாண ஏற்பாடுகள். என்னைக் கேட்டால் அது கொஞ்சம் இழுவைதான். நடிகர்கள் ஆறு பேரின் ஒப்பந்தமும் எட்டாவது சீசனோடு முடிவதாக இருந்தது. இதுவே கடைசி சீசன் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

அந்த நிலைமையில் கையிலெடுத்த கதை, ரேச்சலின் கர்ப்பம். சிட்காமில் குழந்தை வருகிறது என்றாலே ரசிகர்கள் தலையில் கை வைப்பார்கள். எழுத எதுவும் இல்லாதபோது கொண்டுவருகிற சரக்கு அது. தொட்டில், டயபர், கொஞ்சல் என்று காமெடி ஓரமாக ஒதுங்கிவிடும். இங்கே ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். குழந்தை பிறப்பது சீசனின் கடைசி எபிசோடில். அதுவரை இருபத்துச் சொச்சம் எபிசோடிலும் வயிறு மட்டும்தான் வளர்கிறது. அதனால் சீசனுக்கு ஒரு காலக்கெடு கிடைத்தது. ராஸ், ரேச்சல் சேருவார்களா என்ற பழைய கேள்விக்குக் கெடு என்று ஒன்று கிடையாது; எத்தனை வருடம் வேண்டுமானாலும் இழுக்கலாம், இழுத்தார்கள். கர்ப்பத்தை அப்படி இழுக்க முடியாது. ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒன்று முடிவாகியே தீர வேண்டும்: யாரிடம் சொல்வது, எங்கே தங்குவது, என்ன பெயர் வைப்பது.

முதல் எபிசோடின் கடைசிக் காட்சியை மட்டும் நிதானமாகப் பாருங்கள். கல்யாண மண்டபத்துக் கழிப்பறையில் ரேச்சல் மறுபடி ஒரு தடவை பரிசோதனை செய்துவிட்டு நிற்கிறாள். முடிவைப் பார்க்கத் தைரியம் இல்லை. கூட மோனிகாவும் ஃபீபியும். ஃபீபி எடுத்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று வந்திருக்கிறது என்கிறாள். ரேச்சல் நல்லதாகப் போயிற்று என்று சொல்லத் தொடங்குகிறாள். வாய் அதைச் சொல்கிறது, முகம் சொல்லவில்லை. கண் கலங்குகிறது. இல்லாத ஒன்றை இழந்ததற்கு எதற்கு இந்த அழுகை என்று அவளுக்கே குழப்பம். அப்போது ஃபீபி சொல்கிறாள்: நான் சொன்னது பொய், உண்மையில் ஆம் என்றுதான் வந்திருக்கிறது, உன் மனசு என்ன என்று இப்போது உனக்கே தெரிந்துவிட்டதல்லவா?

இதை ஃபீபி செய்வதுதான் விஷயம். மோனிகா செய்திருந்தால் கொடுமையாகத் தெரிந்திருக்கும். ஃபீபி ஏழு வருடமாகக் கோணலான வழியில் போய்ச் சரியான இடத்தில் நிற்கிறவள். அதனால் அந்தப் பொய் நம்மை உறுத்தவில்லை. இதே காட்சியை முதல் சீசனில் வைத்திருந்தால், அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று விளக்க இரண்டு நிமிட வசனம் தேவைப்பட்டிருக்கும். இங்கே ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை. ரேச்சலாக நடித்த ஜெனிஃபர் அனிஸ்டனுக்கு அந்த வருடம் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்ததற்கு இந்த மாதிரிக் காட்சிகள்தான் காரணம் என்பது என் எண்ணம்.

அடுத்த எபிசோடில் அப்பா யார் என்ற மர்மம். தடயம் ஒரு சிவப்பு ஸ்வெட்டர். ரேச்சலின் பழைய காதலன் டேக் என்பவனுடையது என்று ஃபீபியும் மோனிகாவும் தாங்களாகவே முடிவுகட்டி, அவனைக் கூப்பிட்டும் விடுகிறார்கள். கடைசியில் ராஸ் சாவகாசமாக உள்ளே வருகிறான். அந்த ஸ்வெட்டரைப் பார்த்து, அட, இதைத்தானே ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன் என்று எடுத்துக்கொள்கிறான். எவ்வளவு பெரிய உண்மையைப் போட்டு உடைத்திருக்கிறோம் என்பது அவனுக்கே தெரியாது. இதில் நகைச்சுவை வசனம் என்று ஒன்றுமே இல்லை. ஸ்வெட்டரைத் தேடிய ஒருவனின் சாதாரணப் பேச்சு, அவ்வளவுதான். சிரிப்பு முழுக்க அதைக் கேட்டவர்களின் முகத்தில் இருக்கிறது.

ஃப்ரெண்ட்ஸின் நல்ல எபிசோடுகளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் எஞ்சின் இதுதான்: ஒரு விஷயம் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது, தெரிந்தது தெரியும் என்று யாருக்குத் தெரியும். ஐந்தாவது சீசனில் மோனிகா, சாண்ட்லர் காதலை மறைத்தபோது இதைத்தான் உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். எட்டாவது சீசனில் வீடியோ டேப் எபிசோடு அதற்குச் சமமானது. ரேச்சல் கர்ப்பமான அந்த இரவு முதலில் நெருங்கி வந்தது யார் என்று ராஸும் ரேச்சலும் எல்லார் முன்னாலும் சண்டை போடுகிறார்கள். அவளே ஒத்துக்கொள்ளட்டும் என்று ராஸ் பெருந்தன்மை காட்டுகிறான். பிறகு பார்த்தால் நடந்தது மொத்தமும் தற்செயலாக டேப்பில் பதிவாகி இருக்கிறது. அதற்கு முன்பே, ஐரோப்பாவில் மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு சுற்றியபோது நடந்ததாக ஒரு கதையைப் பெண்களிடம் சொன்னால் கைமேல் பலன் என்று ஜோயி ராஸுக்குச் சொல்லிக்கொடுத்ததை நமக்குக் காட்டிவிடுகிறார்கள். சரி, ராஸ்தான் அந்தக் கதையை எடுத்துவிட்டிருப்பான் என்று எல்லாரையும் போல நாமும் நினைக்கிறோம். டேப் ஓடுகிறது. அந்தக் கதையைத் தொடங்குவது ரேச்சல்! அவளுக்கும் அது தெரிந்திருக்கிறது. ஜோயி கையிலிருந்து கிளம்பிய கதை அவள் வரை ஏற்கெனவே போயிருக்கிறது. ஒரே வரியில் மூன்று பேரின் ரகசியமும் வெளியே வருகிறது. இருபத்திரண்டு நிமிடத்துக்குள் இவ்வளவு நேர்த்தியாக முடிச்சுப் போட்டு அவிழ்த்த எபிசோடு அந்தப் பத்து வருடத்தில் அதிகம் இல்லை.

இந்தத் தொடரைப் பர்பேங்கில் உள்ள வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவில் பார்வையாளர்களை உட்காரவைத்துத்தான் எடுத்தார்கள். ஒரு ஜோக்குக்கு அவர்கள் சிரிக்கவில்லை என்றால் எழுத்தாளர்கள் அங்கேயே கூடி வேறு வரி எழுதி, மறுபடி எடுப்பார்கள். எட்டாவது வருடத்தில் அந்த இருக்கைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் வெறும் பார்வையாளர்கள் அல்ல, பழுத்த ரசிகர்கள். ஸ்வெட்டர் காட்சியில் அவர்கள் எழுப்பும் சத்தத்தைக் கவனியுங்கள். அது ஜோக்குக்குச் சிரிக்கும் சத்தம் அல்ல, பக்கத்து வீட்டு ரகசியம் தெரிந்துபோன சத்தம்.

அப்புறம் ஜோயி. இந்த சீசனை வெறுப்பவர்கள் முதலில் சுட்டிக்காட்டுவது ஜோயி ரேச்சலைக் காதலிப்பதைத்தான். நான் எதிர்க்கட்சி. ஏழு வருடமாகச் சாப்பாடும் பெண்களும் தவிர வேறு நினைப்பு இல்லாதவனாகக் காட்டப்பட்ட ஒருவனை என்ன செய்வது? இன்னும் முட்டாளாக்கலாம், பின்னால் வந்த சீசன்களில் அதைத்தான் செய்தார்கள். இங்கே மட்டும் வேறு வழியில் போனார்கள். கர்ப்பமாக இருப்பதால் இனி வெளியே போய் யாரோடும் பழக முடியாது என்று ரேச்சல் வருத்தப்படுகிறாள். ஒரு நாள் இரவாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஜோயி அவளைக் கூட்டிப்போகிறான். காதல் கீதல் எதுவும் இல்லை, உதவி மட்டும். இருவரும் தங்கள் வழக்கமான வித்தைகளை ஒருவருக்கொருவர் செய்துகாட்டிச் சிரிக்கிறார்கள். பெண்களை மடக்குவதையே தொழிலாக வைத்திருந்தவன், எதையும் மடக்க நினைக்காத அந்த ஒரு நாளில் தானே மாட்டிக்கொள்கிறான்.

அதற்குப் பிறகு அவன் நடந்துகொள்ளும் விதம்தான் எனக்குப் பிடித்தது. ரேச்சலிடம் சொல்வதற்கு முன்பே ராஸிடம் சொல்லிவிடுகிறான். மறைத்துவைக்க அவனால் முடியவில்லை. பிறகு உணவகத்தில் ரேச்சலிடம் சொல்லும் காட்சி. அவளுக்கு முதலில் புரியவே இல்லை. யார், யாரை என்று கேட்டுக்கொண்டே போகிறாள். புரிந்த நொடியில் முகம் மாறுகிறது. இல்லை என்று அவள் சொல்லி முடிக்கும் முன்பே அவன் புரிந்துகொண்டு, அவளைத் தேற்றத் தொடங்குகிறான். ஜோயியாக நடித்த மாட் லெபிளாங்குக்கு அந்த வருடம் சிறந்த நடிகருக்கான எம்மி பரிந்துரை வந்தது. இதன் தொடர்ச்சியை அடுத்தடுத்த சீசன்களில் சொதப்பினார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் காட்சியோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

2001-ல் வந்த நன்றி நவிலல் நாள் எபிசோடைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள். பிராட் பிட் விருந்தாளியாக வருவார். பள்ளி நாட்களில் குண்டாக இருந்து கேலிக்கு ஆளானவன், இன்னும் ரேச்சல் மேல் தீராத கோபத்தோடு இருக்கிறான். ராஸும் அவனும் சேர்ந்து அந்தக் காலத்திலேயே ரேச்சலை வெறுப்பவர்கள் சங்கம் நடத்தியது தெரியவருகிறது. பிட்டும் அனிஸ்டனும் அப்போது நிஜத்தில் கணவன் மனைவி என்பது ஊருக்கே தெரியும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மனைவியை முறைக்க முறைக்க அரங்கம் அதிர்கிறது. ஆனால் ரேச்சலைப் பற்றி அவர்கள் கிளப்பிவிட்டதாகச் சொல்லும் வதந்தி இன்றைக்குப் பார்க்கும்போது நெளிய வைக்கிறது. உடம்பைப் பற்றிய மட்டமான கேலி அது. இந்தத் தொடரில் அப்படிப்பட்டவை நிறைய, இந்த சீசனும் விதிவிலக்கல்ல.

சீசனின் வெற்றிக்கு செப்டம்பர் 11 தாக்குதல்தான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. முதல் எபிசோடு ஒளிபரப்பானது 2001 செப்டம்பர் 27. தாக்குதல் நடந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. கதை நடக்கும் ஊரோ நியூயார்க். அந்த எபிசோடை நியூயார்க் மக்களுக்குச் சமர்ப்பணம் செய்திருந்தார்கள். தேனிலவுக்குக் கிளம்பும் சாண்ட்லர் விமான நிலையத்தில் வெடிகுண்டு ஜோக் அடித்து மாட்டிக்கொள்ளும் பகுதி ஒன்று ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு காட்சிகளை எடுத்தார்கள். தெரிந்த முகங்கள் தெரிந்த சோபாவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் போதும் என்று அப்போது பலருக்குத் தோன்றியது உண்மைதான். அந்த வருடம் அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி என்ற முதலிடம், தொடர் ஓடிய பத்து வருடத்தில் இந்த ஒரு சீசனில்தான் ஃப்ரெண்ட்ஸுக்குக் கிடைத்தது. சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மியும் அதுவரை கிடைக்காதது, 2002-ல்தான் வந்தது. ஆனால் இந்தக் காரணம் பாதிதான். ஆறுதல் தேடி முதல் வாரம் வருவார்கள். கதையில் சரக்கு இல்லையென்றால் மே மாதம் வரை உட்கார மாட்டார்கள். அந்த ஆண்டுகளைப் பற்றி ஒன்றும் தெரியாத பிள்ளைகள்கூட இன்றைக்கு இந்த சீசனை ரசிக்கிறார்களே!

மற்ற தொடர்கள் முதுமையைச் சமாளித்த விதம் வேறு. 'சியர்ஸ்' பதினொரு சீசன் ஓடியது, ஆட்களை மாற்றி மாற்றி. கோச் வேடத்தில் நடித்தவர் 1985-ல் இறந்தபோது உடி ஹாரல்சன் வந்தார். ஐந்தாவது சீசனோடு நாயகி ஷெல்லி லாங் விலகியபோது கிர்ஸ்டி ஆலி வந்தார். புது ரத்தம் ஏறியது. 'சைன்ஃபெல்ட்' தொடரில் ஏழாவது சீசனுக்குப் பிறகு, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட் விலகினார். கடைசி இரண்டு சீசன்களும் கார்ட்டூன் போல வேகம் பிடித்தன. அதுவும் ஒரு ருசிதான். ஃப்ரெண்ட்ஸுக்கு இந்த இரண்டு வழியும் இல்லை. ஆறு பேரும் சம்பளத்தையே ஒன்றாகச் சேர்ந்து பேசி வாங்கியவர்கள். ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை வைக்கும் பேச்சுக்கே இடமில்லை. அதனால்தான் வெளியே தேடாமல் உள்ளேயே தோண்ட வேண்டி வந்தது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஃபீபிக்கு இந்த சீசனில் சொந்தக் கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. பெரும்பாலும் மற்றவர்களுடைய கதைக்குள் வந்து வசனம் சொல்லிவிட்டுப் போகிறாள். முதல் எபிசோடில் அவ்வளவு பெரிய காரியம் செய்தவளை அப்புறம் அம்போவென்று விட்டுவிட்டார்கள். ராஸின் புதுக் காதலி மோனா பாவம், ரேச்சல் விஷயம் வெடிக்கும்போது அதிர்ச்சியடைய ஓர் ஆள் வேண்டுமே என்பதற்காக வைத்திருந்தது போலத் தெரிகிறது. மோனிகாவின் குரல் முன்பைவிட உயர்ந்துவிட்டது. ராஸ் தொட்டதற்கெல்லாம் பதறுகிறான். நீண்ட நாள் ஓடும் தொடரில் பாத்திரங்களின் ஒரே குணம் மட்டும் பெருத்துப்போகிற வியாதி இங்கேயும் தலைகாட்டுகிறது. முற்றியது அடுத்த இரண்டு சீசன்களில்.

கடைசி எபிசோடு ஒரு மணி நேரம். பிரசவ அறையில் ரேச்சல் வலியோடு படுத்திருக்க, பக்கத்துப் படுக்கைக்கு ஒவ்வொருவராக வந்து பிள்ளை பெற்றுக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறார்கள். அதில் ஒருத்தி சாண்ட்லரின் பழைய காதலி ஜானிஸ். அவள் குரலைக் கேட்டதுமே அரங்கம் கலகலத்துப்போகிறது. குழந்தைக்கு முன்பே தேர்ந்தெடுத்துவைத்த பெயர் ரேச்சலுக்கு இப்போது பிடிக்கவில்லை. மோனிகா தன் பதினான்கு வயதிலிருந்து தனக்குப் பிறக்கப்போகும் மகளுக்காக எடுத்துவைத்திருந்த பெயர் எம்மா. அதை வாய்விட்டுச் சொல்கிறாள், ரேச்சலுக்குப் பிடித்துப்போகிறது, எடுத்துக்கொள் என்று கொடுத்துவிடுகிறாள். எதையும் திட்டம் போட்டு, பெயர் எழுதி ஒட்டி, யாரையும் தொட விடாமல் வைத்திருப்பவள் மோனிகா. அவள் கொடுப்பதில் இருக்கும் கனம் பழைய பார்வையாளருக்குத்தான் உறைக்கும். இந்த அழகான காட்சிக்குப் பின்னால், ஜோயி கையில் மோதிரத்தோடு மண்டியிட்டு நிற்பதை ரேச்சல் தப்பாகப் புரிந்துகொள்கிற முடிவை ஏன் ஒட்டினார்கள் என்று இன்றுவரை எரிச்சல்தான். பிப்ரவரியிலேயே ஒன்பதாவது சீசன் உறுதியாகிவிட்டது. மக்களைத் திரும்ப வரவைக்க ஒரு தூண்டில் வேண்டியிருந்தது, வேறென்ன?

எட்டாவது சீசனை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். குறைந்தது முதல் சீசனில் பாதி, ஐந்தாவது சீசன் முழுதும், பிறகு ஏழாவதின் கடைசி எபிசோடு. இவ்வளவு பார்த்துவிட்டு வாருங்கள். கர்ப்பச் செய்தி அந்த ஏழாவது சீசன் முடிவில்தான் தொடங்குகிறது. நேரம் இருந்தால் எல்லாவற்றையும் பாருங்கள். ஏனென்றால் இந்த சீசனின் நடுவில் மோனிகா வீட்டில் எப்போதும் பூட்டியே கிடக்கும் ஒரு சின்ன அறையைத் திறந்தே தீருவது என்று சாண்ட்லர் படாத பாடு படும் எபிசோடு ஒன்று வரும். கடைசியில் கதவு திறக்கும்போது உள்ளே தெரிவது தலைமுதல் கால்வரை அடைத்துவைத்த குப்பை. ஏழு வருடம் அவள் துடைத்துத் துடைத்து வைத்த வீட்டைப் பார்க்காதவர்களுக்கு அது வெறும் குப்பைதான்.